தலசீமியா: நோய்க்கும் கூறுக்கும் ஒரே பெயரா?

"அந்தப் புள்ளைக்கி ரெத்தம் ஏத்துற வருத்தம்" என்பார்கள் எங்களூரில். தலசீமியாவைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். தமிழ் படிப்பிப்பவன் என்ற வகையில் இந்தப் பேச்சுவழக்கில் நான் குறை காணவில்லை. ஈமோகுளோபின் உருவாகத் தேவையான பரம்பரை அலகு உம்மாவிடமிருந்தும் வாப்பாவிடமிருந்தும் பழுதாகவே வந்துசேர்ந்த பிள்ளை அது. கடுமையான நிலையில் சில கிழமைகளுக்கொரு தடவை குருதி ஏற்ற வேண்டும். அதனால் உடலில் சேரும் மிகை இரும்பை அகற்ற மருந்தும் வேண்டும்.

மருத்துவப் பெயரோ நோயைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. 1925இல் அமெரிக்க மருத்துவர் தோமஸ் கூலி இதனை விவரித்தார். 1932இல் கிரேக்க மொழியின் 'கடல்', 'குருதி' எனும் சொற்களிலிருந்து 'தலசீமியா' பிறந்தது. மத்தியதரைக் கடலோர மக்களிடம் கண்டதால் வந்த பெயர். இன்று குருணாகலில் இதற்கெனத் தேசிய நிலையமே இயங்குகிறது.

சிக்கல் வேறிடத்தில். ஒரு அலகு மட்டும் பழுதானவர் நோயாளியல்லர். இலேசான குருதிச்சோகை இருக்கலாம்; பெரும்பாலும் பரிசோதித்தாலே தெரியவரும். அவரையும் 'தலசீமியாக்காரர்' என்கிறோம். கலியாணப் பேச்சில் "அந்தக் குடும்பத்துல ரெத்த வருத்தமாம்" என்று ஒரு வாய் சொன்னால் போதும், பேச்சு முறிந்துவிடும்.

'சிறு தலசீமியா' எனலாமா? சிறியது நாளை பெரிதாகும் என்று சனம் பயப்படும். அப்படி ஆவதில்லை. 'காவி' என்பது பாடநூல் சொல். ஆனால் டெங்கு நுளம்பையும் நோய்க்காவி என்றே படிப்பிக்கிறோம். ஒரு குமருப் பிள்ளையை அந்த வரிசையில் வைக்கலாமா? இது தொற்றுவதுமில்லை.

'தலசீமியாக் கூறு உள்ளவர்' என்பதே என் தெரிவு. 'கூறுகெட்டவன்' நினைவுக்கு வருகிறதே என்றார் சக ஆசிரியர் ஒருவர். நியாயம்தான். ஆனாலும் கூறு என்றால் பங்கு. பெற்றோரிடமிருந்து வந்த ஒரு பங்கு என்பதை அது சரியாகச் சொல்கிறது.

பெயர் சரியானால் கணக்கும் விளங்கும். கூறுள்ள இருவர் மணந்தால் ஒவ்வொரு கருவிலும் நோய்க்கான வாய்ப்பு நாலில் ஒன்று. ஒருவருக்கு மட்டும் கூறிருந்து, மற்றவருக்கு ஈமோகுளோபின் குறைபாடு ஏதுமில்லையென்றால் பிள்ளைக்குக் கடும் நோய் வராது. சொந்தத்துக்குள் மணம் முடிப்போர் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். இருவரும் ஒரே கூறைப் பெற்றிருக்கும் வாய்ப்பு அங்கே அதிகம்.

கூறை மறைக்க வேண்டிய களங்கமாக்கினால் யார்தான் பரிசோதனைக்குப் போவார்? கலியாணம் பேச முன்னமே பரிசோதிப்போம். இதைவிட நல்ல சொல் வைத்திருப்பவர்கள் எழுதுங்கள்.