இடுப்பு முள்ளெலும்பில் வேர்விட்ட மூச்சு

மூச்சு விடுவது நுரையீரலின் வேலை என்றுதான் நினைக்கிறோம். ஆனால் நுரையீரலுக்குத் தானே விரிந்து காற்றை இழுக்கிற சக்தி கிடையாது. அந்த வேலையைப் பெரும்பாலும் செய்வது, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே குடைபோலக் கவிந்திருக்கும் உதரவிதானம். அது சுருங்கிக் கீழே இறங்கினால் நெஞ்சில் இடம் கூடுகிறது, காற்று உள்ளே வருகிறது. சாதாரண மூச்சில் ஒன்றிரண்டு சென்டிமீட்டர்தான் இறங்கும். ஆழமாக இழுத்தால் அதைப்போலப் பல மடங்கு.

இந்தக் குடைக்குக் காம்பும் உண்டு என்பதுதான் ஆச்சரியம். உதரவிதானத்தின் பின்பக்கத்திலிருந்து இரண்டு தசைக்கால்கள் இறங்கி, இடுப்புப் பகுதி முள்ளெலும்புகளின் முன்புறம் ஒட்டியிருக்கின்றன. வலதுகால் மூன்றாவது எலும்பு வரை, இடதுகால் இரண்டாவது வரை. நெடுநேரம் உட்கார்ந்துவிட்டு எழும்போது 'அம்மாடி' என்று கைவைத்து அழுத்துகிறோமே, ஏறக்குறைய அந்த இடத்தில்தான் நம் மூச்சு வேர்விட்டிருக்கிறது.

மூச்சிழுப்பது மட்டுமல்ல அதன் வேலை. நிற்கிற ஒருவர் சட்டென்று கையைத் தூக்கினால் உடலில் என்ன நடக்கிறது என்று ஆஸ்திரேலிய ஆய்வாளர் பால் ஹாட்ஜஸும் சக ஆய்வாளர்களும் அளந்து 1997இல் வெளியிட்டார்கள். தோள் தசை இயங்குவதற்குச் சுமார் 20 மில்லிநொடி முன்பே உதரவிதானம் சுருங்கிவிடுகிறது. அந்த நேரத்தில் மூச்சு உள்ளே போகிறதா, வெளியே வருகிறதா என்பது அதற்குப் பொருட்டே இல்லை. வயிற்றுக்குள் அழுத்தத்தைக் கூட்டி, முதுகெலும்பு ஆடாமல் முன்கூட்டியே தாங்கிப் பிடிக்கிறது. நமக்குத் தெரியாமல் ஒவ்வொரு நாளும் நமக்காக இதைச் செய்துகொண்டிருக்கிறது!

முதுகில் வலி வந்தால் உடல் விறைக்கிறது, மூச்சு மேல்நெஞ்சோடு நின்றுவிடுகிறது. அதைத் தளர்த்துவதற்கு வெளிமூச்சே நல்ல வழி. மணிக்கட்டில் நாடியைத் தொட்டபடி மெதுவாக மூச்சு விட்டுப் பாருங்கள். இழுக்கும்போது துடிப்பு சற்று விரைகிறது, விடும்போது தணிகிறது. மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பு கடிவாளத்தை இழுக்கும் நேரம் அது. ஜெபமாலை ஜெபமும் யோக மந்திரமும் சொல்பவர்களை இத்தாலியில் லூசியானோ பெர்னார்டி குழு ஆராய்ந்தபோது, இரண்டிலுமே மூச்சு நிமிடத்துக்கு ஆறு அளவில் வந்து நின்றது. 2001இல் வெளியான ஆய்வு இது. சமயம் எதுவானாலும் நிதானத்தின் தாளம் ஒன்றாக இருந்திருக்கிறது.

இந்த நிதான மூச்சுக்கான செய்முறை எளிது. மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி, பாதங்களைத் தரையில் ஊன்றுங்கள். ஒரு கை நெஞ்சில், ஒரு கை வயிற்றில். நான்கு எண்ணி மூக்கால் இழுங்கள், ஆறு எண்ணி விடுங்கள். வயிற்றுக் கைதான் உயர வேண்டும். ஐந்து நிமிடம் போதும். தலை கிறுகிறுத்தால் வலிந்து இழுக்கிறீர்கள் என்று பொருள். வழக்கமான மூச்சுக்குத் திரும்பிவிடுங்கள்.

நாள்பட்ட முதுகுவலிக்கு இது நல்ல துணை. நடைக்கும் உடற்பயிற்சிக்கும் மாற்று ஆகாது. கால் மரத்துப்போனாலோ, பலம் குறைந்தாலோ, சிறுநீர் கட்டுப்படாமல் போனாலோ மூச்சுப் பயிற்சியில் நேரம் கடத்தாமல் அன்றைக்கே மருத்துவரிடம் போய்விட வேண்டும்.