மலைப் பந்தயத்தில் மூச்சு முட்டுவது ஏன்?

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், கடல் மட்டத்துக்குமேல் ஏறக்குறைய 3,100 மீட்டர் உயரத்திலுள்ள லெட்வில் என்னும் பழைய சுரங்க ஊரிலிருந்து ஆண்டுதோறும் ஆகஸ்டு மாதத்தில் புறப்படும் 100 மைல் மலைச் சைக்கிள் பந்தயத்தில் முதன்முறை கலந்துகொள்பவர், பாதி வழியில், கொலம்பைன் ஏற்றத்தின் உச்சியை நெருங்குகையில், இறங்கிச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடப்பது சர்வ சாதாரணமான காட்சி. காற்றில் பிராணவாயுவின் விகிதம் அங்கும் 21 சதவீதந்தான். ஆனால் 3,800 மீட்டர் உயரத்தில் காற்றின் அழுத்தம் கடற்கரையில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைந்துவிடுவதால், ஒவ்வொரு மூச்சிலும் இரத்தத்தில் சேரும் பிராணவாயு குன்றி, தசைகளின் சக்தி க்ஷீணிக்கிறது.

மூச்சையாவது சற்று நின்று மீட்டுக்கொள்ளலாம். வயிற்றை ஏமாற்ற முடியாது. தசையிலும் கல்லீரலிலும் கிளைக்கோஜன் என்ற உருவில் சேமித்திருக்கும் சர்க்கரை, கடும் உழைப்பில் இரண்டு மூன்று மணி நேரத்தில் பெரும்பாலும் தீர்ந்துபோக, கொழுப்பு ஏராளமாயிருந்தும் அது மெதுவாகவே எரிவதால், கால்கள் ஈயமாய்க் கனக்கின்றன. ஆகையால் பழகியவர்கள், பசி தோன்றுமுன்பே, ஒரு கையால் கைப்பிடியைப் பற்றியபடி மறு கையிலுள்ள இனிப்புக்கூழ்ப் பொட்டலத்தைப் பல்லால் கிழித்து (பார்க்க அழகாயிராது, என்ன செய்வது!) மணிக்கு 60 கிராம் மாவுச்சத்தையாவது உள்ளே செலுத்துகிறார்கள்.

12 மணி நேரத்துக்குள் ஊர் திரும்பிவிட்டால், பரிசு ஓர் இடுப்புவாரின் கொக்கி.