இதயத் தசையின் புரதமும் இருபத்தைந்து எழுத்துகளும்

ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ நாற்பது வயதுக்காரர் ஒருவர் திடீரென்று சாய்ந்துவிட்டால், ‘அட்டாக்’ என்ற ஒரே சொல்லோடு பேச்சு முடிந்துவிடுகிறது. ரத்தக்குழாய் அடைப்பு என்றுதான் எல்லோரும் எடுத்துக்கொள்கிறோம். இதயத் தசையே பழுதாகும் கார்டியோமயோபதி யார் நினைவுக்கும் வருவதில்லை. ஆனால் அந்த நோயின் ஒரு வேர் நம் மண்ணில் ஆழமாகவே இருக்கிறது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த பெருந்துறை தண்டபாணி, ஹைதராபாத் செல், மூலக்கூறு உயிரியல் மையத்தின் (சி.சி.எம்.பி.) குமாரசாமி தங்கராஜ் உள்ளிட்டோர் 2009-ல் ‘நேச்சர் ஜெனடிக்ஸ்’ இதழில் அதை வெளியிட்டார்கள். இதயத் தசையின் ‘மயோசின் பைண்டிங் புரதம் சி’க்கான மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டுப் போவது இந்தியர்களில் சுமார் 4 சதவீதம் பேரிடம், அதாவது 25 பேரில் ஒருவரிடம், இருக்கிறது.

இருபத்தைந்தில் ஒருவர் இதய நோயாளி என்று இதற்குப் பொருள் இல்லை. பலர் முதுமைவரை நலமாகவே இருக்கிறார்கள். ஆகவே மரபணுச் சோதனையின் முடிவை மட்டும் ஒருவர் கையில் கொடுப்பது பயத்தைக் கொடுப்பதுதான். அந்தப் பிழையால் புரதம் என்ன ஆகிறது என்று தெரிந்தால்தான் விளக்கம் கிடைக்கும். 1,274 அமினோ அமிலங்கள் கொண்ட இந்தப் புரதம், தசை இழைகள் எவ்வளவு வேகமாகச் சுருங்கலாம் என்பதைக் கட்டுப்படுத்துகிறது. எழுத்துகள் விடுபட்டால், இழையைப் பற்றிக்கொள்ளும் அதன் வால்பகுதி மாறிப்போகிறது. இத்தகைய மாற்றங்களை நேரில் சோதிக்கத்தான் ஆய்வகங்கள் மனிதப் புரதத்தைத் தயாரிக்கின்றன. மனித மரபணுத் துண்டை ஈ.கோலை பாக்டீரியாவுக்குள் செலுத்தி வளர்த்து, செல்களை உடைத்து, அந்தப் புரதம் மட்டும் ஒட்டிக்கொள்ளும் மணிகள் நிரப்பிய குழாய் வழியே வடித்துச் சுத்தம் செய்கிறார்கள். பிழையில்லாததையும் பிழையுள்ளதையும் அருகருகே வைத்து ஒப்பிட இதைவிடத் தெளிவான வழி இல்லை.

எலியின் இதயம் போதாதா என்று கேட்கலாம். எலிக்கு நிமிடத்துக்குச் சுமார் 600 துடிப்பு. அதன் இதய மயோசினின் வகையும் வேறு. மனிதப் புரதமே வேண்டும் என்பதற்கு இது போதிய காரணம். சோதனைக் குழாய் இதயமாகிவிடுமா என்ற ஆட்சேபம் இன்னும் வலுவானது. ஆகாதுதான். முழுநீளப் புரதம் பாக்டீரியாவில் எளிதில் உருவாவதில்லை. நம் செல்கள் அதன்மேல் சேர்க்கும் பாஸ்பேட்டும் இருக்காது. அதனால் பெரும்பாலும் துண்டுகளைத்தான் ஆராய்கிறார்கள். மனித செல்களோடும் நோயாளிகளின் எக்கோ (இதய அல்ட்ராசவுண்ட்) முடிவோடும் ஒப்பிட்டே முடிவுக்கு வருகிறார்கள். அப்படிப் பல வழிகளில் பார்த்ததன் பலன் 2018-ல் தெரிந்தது. அமெரிக்காவில் வாழும் தெற்காசியர்களை ஆராய்ந்த சக்திவேல் சடையப்பன் குழு, 25 எழுத்துக் குறையோடு புரதத்தின் 389-ஆவது இடத்தில் இன்னொரு மாற்றமும் சேர்ந்தவர்களின் இதயமே அளவுக்கு மீறி வலுவாகச் சுருங்குவதைக் கண்டது. நான்கு சதவீதம் என்ற அச்சுறுத்தும் கூட்டத்திலிருந்து கவனிக்க வேண்டிய சிறு குழுவைப் பிரித்தெடுக்கும் பாதை இது.

மாமன் மகளையும் அத்தை மகனையும் மணக்கும் வழக்கம் உள்ள தென்மாவட்டங்களில் இந்த மரபணுப் பிழைக்குக் கூடுதல் கனம் உண்டு. தாய், தந்தை இருவரிடமிருந்தும் பிழை வந்து சேரும் குழந்தையை நோய் கடுமையாகத் தாக்கக்கூடும். இளவயதில் திடீர் மரணம் நேர்ந்த குடும்பத்தில் அண்ணன், தங்கை, பிள்ளைகள் எல்லோரும் எக்கோ எடுத்துக்கொள்ள வேண்டும். ஒருமுறை சரியாக இருந்தது என்று விட்டுவிடவும் கூடாது. இந்தப் பிழை பலரிடம் நடுவயதில்தான் தலைகாட்டுகிறது.