சரக்கேறும் சாலை – 9: வாடகைக்கு அடியில் வரும் வரிகள்

மலாக்காவின் புக்கிட் ரம்பாய் தொழிற்பேட்டையில் ஒரு சிறு தொழிற்சாலை. ஒரு முழு லோரிச் சரக்கு கப்பலேற வேண்டும். கூப்பிடு தூரத்தில் தஞ்சோங் புருவாஸ் துறைமுகம் இருந்தாலும், பெரிய கொள்கலன் கப்பல்கள் தொடுவது கிள்ளானையும் ஜொகூரின் தஞ்சோங் பெலப்பாசையும்தான். கிள்ளானுக்கே 150 கிலோமீட்டருக்கு மேல் ஓடியாக வேண்டும். மூன்று லோரி நிறுவனங்களிடம் விலை கேட்டால் மூன்று தாள்கள் வரும். ஒவ்வொன்றிலும் மேலே தடித்த எழுத்தில் வாடகை. கீழே பொடி எழுத்தில் காத்திருப்பு, டீசல் சரிக்கட்டல், டோல், இரண்டாவது இடத்தில் இறக்கம், ஞாயிறு ஏற்றம், சரக்கு இல்லாமல் திரும்பிய ஓட்டம்.

பலர் மேல்வரியைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறார்கள். மாதக் கடைசியில் ரசீது வரும்போதுதான் கீழ்வரிகள் கண்ணில் படுகின்றன.

ஒரு கற்பனைக் கணக்கு. முதல் நிறுவனம் 1,150 ரிங்கிட் கேட்கிறது. மூன்று மணி நேரம் இலவசமாகக் காத்திருக்கும், அதன் பிறகு மணிக்கு 50. இரண்டாவது நிறுவனம் 1,080 ரிங்கிட்தான் கேட்கிறது. ஆனால் இலவசம் ஒரு மணி நேரம், பிறகு மணிக்கு 60. தொழிற்சாலையில் சரக்கேற்ற வழக்கமாக நான்கு மணி நேரம் ஆகிறது. முதலாவது 1,200இல் முடியும், இரண்டாவது 1,260இல் போய் நிற்கும். 70 ரிங்கிட் மலிவாகத் தெரிந்தது 60 ரிங்கிட் அதிகம். இந்தக் கணக்கைப் போட வெளியிலிருந்து நிபுணர் வரத் தேவையில்லை. லோரி கேட்டுக்குள் நுழைந்த நேரம், வெளியேறிய நேரம் இரண்டும் காவலாளியின் பதிவேட்டிலேயே இருக்கும். ஆறு மாதப் பதிவை எடுத்து, தடம் வாரியாகச் சராசரி பார்த்தால் தொழிற்சாலைக்குச் சொந்தமாக ஓர் அளவுகோல் கிடைத்துவிடும். அமெரிக்காவில் முழு லோரிச் சரக்குக்கு இரண்டு மணி நேரம் இலவசம் என்பது பரவலான வழக்கம். அந்த எண்ணை அப்படியே இங்கே கொண்டுவருவதைவிட, தன் கேட்டில் உண்மையில் எவ்வளவு நேரம் போகிறது என்று தெரிந்துகொண்டு பேரம் பேசுவது உதவும்.

டீசல் சரிக்கட்டலில் மலேசியாவுக்கென்று ஒரு கதை உண்டு. 2024 ஜூன் 10 அன்று தீபகற்ப மலேசியாவில் டீசல் விலை லிட்டருக்கு 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35 ரிங்கிட்டுக்கு ஏறியது. லிட்டருக்கு மூன்று கிலோமீட்டர் ஓடும் ஒரு கனரக லோரி, கிள்ளானுக்குப் போய்த் திரும்பும் 300 கிலோமீட்டருக்கு 100 லிட்டர் குடிக்கும் என்று வைத்துக்கொண்டால், ஒரு நடைக்குக் கூடுதல் செலவு 120 ரிங்கிட். அதற்கு மேல் கேட்டால் காரணம் கேட்கலாம். ஆனால் உதவித்தொகைத் திட்டத்தில் பதிந்து, அதற்கான அட்டை வாங்கிய சரக்கு லோரிகளுக்கு அன்றும் லிட்டர் 2.15 ரிங்கிட்தான். அட்டை வைத்திருக்கும் லோரிக்கு அந்த உயர்வைக் காரணம் காட்டி ஒரு சென் கூடக் கூட்ட வேண்டியதில்லை. ஆகவே சரக்கு அனுப்புபவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி, ‘உங்கள் லோரிக்கு டீசல் அட்டை இருக்கிறதா?’

சரிக்கட்டலை ஒப்பந்தத்தில் எழுதும்போது மூன்று எண்கள் போதும்: அடிப்படை டீசல் விலை, லிட்டருக்கு ஓடும் கிலோமீட்டர், எவ்வளவு ஏறினால் அல்லது இறங்கினால் கட்டணம் மாறும் என்ற வரம்பு. அமெரிக்க நிறுவனங்கள் அந்நாட்டு எரிசக்தித் தகவல் நிர்வாகம் வாரந்தோறும் வெளியிடும் டீசல் விலையை ஆதாரமாக வைத்துக்கொள்கின்றன. மலேசியாவிலும் எண்ணெய் விலை வாரந்தோறும் அறிவிக்கப்படுகிறது. பொதுவில் கிடைக்கும் அந்த விலையோடு கட்டணத்தைக் கட்டிவிட்டால், விலை இறங்கும் வாரத்தில் கட்டணமும் இறங்கியாக வேண்டும்.

வரியையும் கவனிக்க வேண்டும். 2024 மார்ச் 1 முதல் தளவாடச் சேவைகளும் 6 விழுக்காடு சேவை வரிக்குள் வந்தன. ஒருவர் வரி சேர்த்தும் இன்னொருவர் சேர்க்காமலும் விலை கொடுத்தால் ஒப்பீடே கோணலாகிவிடும்.

இனி காப்புறுதி. ‘லோரிக்கு இன்சூரன்ஸ் இருக்குங்க’ என்ற பதிலில் பலர் திருப்தி அடைந்துவிடுகிறார்கள். 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டம் கட்டாயமாக்குவது மூன்றாம் தரப்புக் காப்புறுதியை. அதாவது சாலையில் பிறருக்கு நேரும் உயிரிழப்புக்கும் காயத்துக்கும். லோரியின் முதுகில் இருக்கும் சரக்குக்கு அதில் இடமில்லை. அமெரிக்காவிலும் இதே நிலைதான். வாடகை லோரி நிறுவனம் குறைந்தது 7,50,000 டாலர் பொறுப்புக் காப்புறுதி வைத்திருக்க வேண்டும் என்கிறது அந்நாட்டு விதி. 1980களில் வகுத்த தொகை இன்றும் மாறவில்லை. அதுவும் சரக்குக்கானது அல்ல. அதனால் அங்கே சரக்கு அனுப்புபவர்கள் சரக்குக் காப்புறுதியைத் தனியாகக் கேட்டு வாங்குகிறார்கள். 1,00,000 டாலர் என்பது பரவலாகக் கேட்கப்படும் தொகை.

சரக்கு சேதமானால் லோரிக்காரர் எவ்வளவு கொடுப்பார்? இது நாட்டுக்கு நாடு மாறும். ஐரோப்பிய நாடுகளுக்கு இடையிலான சாலைச் சரக்கு ஒப்பந்தம் கிலோவுக்கு 8.33 சிறப்பு எடுப்புரிமை (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு) என்று வரம்பு கட்டுகிறது. இந்தியாவில் 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்த விதிகளின்படி, அதிக மதிப்பை முன்கூட்டி அறிவித்துக் கூடுதல் கட்டணம் கட்டாதவருக்கு வாடகையின் பத்து மடங்குதான் உச்சம். 20,000 ரூபாய் வாடகையில் போன 10 லட்சம் ரூபாய்ச் சரக்கு முழுதும் போனால் 2 லட்சம்தான் திரும்பி வரும். மலேசியா அந்த ஐரோப்பிய ஒப்பந்தத்தில் இல்லை. இங்கே பெரும்பாலும் பேசுவது, விலைத்தாளின் பின்பக்கத்தில் அச்சான நிபந்தனைகள். அந்தப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்து, பொறுப்பு வரம்புக்கும் சரக்கின் மதிப்புக்கும் உள்ள இடைவெளியைச் சரக்கு உரிமையாளரே தன் காப்புறுதியால் நிரப்ப வேண்டும். அப்படி எடுக்கும் பாலிசியிலும் ‘ஏ’, ‘பி’, ‘சி’ என மூன்று வகை உண்டு. ‘ஏ’ பிரிவு விதிவிலக்குகள் தவிர எல்லா இடர்களையும் ஏற்கும்; ‘சி’ பிரிவு தீ, வாகனம் கவிழ்தல் போன்ற பெரிய விபத்துகளோடு நின்றுவிடும், திருட்டு அதில் சேராது. மோசமாகக் கட்டிய பெட்டிக்கும், தாமதத்தால் வந்த நட்டத்துக்கும் எந்தப் பிரிவும் பணம் கொடுக்காது.

இதே ‘ஏ’, ‘சி’ எழுத்துகள் லோரியின் உரிமத்திலும் வருகின்றன. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. தோட்டம் தன் செம்பனைக் குலைகளைத் தன் லோரியில் ஆலைக்குக் கொண்டுபோக ‘சி’ உரிமம் போதும். பிறர் சரக்கை வாடகைக்கு ஏற்ற ‘ஏ’ உரிமம் வேண்டும். சந்தை விலையைவிட மிகக் குறைவாக ஒரு விலை வந்தால் முதலில் இந்த உரிமத்தைப் பார்ப்பது நல்லது. தவறான உரிமத்தில் ஓடிய லோரி விபத்தில் சிக்கினால் இழப்பீடு கேட்கும்போது சிக்கல் வரும்.

மலிவு விலையின் மறுபக்கத்தை மலாக்கா நேரில் பார்த்திருக்கிறது. 2024 டிசம்பர் 23 இரவு, ஆயர் குரோ அருகே நெடுஞ்சாலையில் டிரெய்லர் லோரியிலிருந்து கழன்ற சக்கரத்தில் சுற்றுலாப் பேருந்து ஒன்று மோதி, எதிர்த்தடத்துக்குப் பாய்ந்தது. 7 பேர் இறந்தார்கள். அடுத்த ஆண்டு மே 13 அன்று தெலுக் இந்தானில், கல் ஏற்றி வந்த லோரி மோதி 9 கலகத் தடுப்புப் போலீசார் உயிரிழந்தார்கள். அந்த லோரி அனுமதித்த எடைக்கு மேல் ஏற்றியிருந்தது. வாகனப் பராமரிப்பும் எடை வரம்பும் விலைத்தாளில் தனி வரியாக வருவதில்லை. விலை எந்த அளவுக்குக் குறைகிறதோ, அந்த அளவுக்குப் பரிசோதனைச் சான்றிதழையும் எடைச்சீட்டையும் கேட்டு வாங்கும் பொறுப்பு சரக்கு அனுப்புபவருக்குக் கூடுகிறது.

(அடுத்த வாரம்: ஹரிராயா, சீனப் புத்தாண்டையொட்டிய கனரக வாகனத் தடை நாள்களில் சரக்கு எங்கே காத்திருக்கிறது, அந்த வாடகையை யார் கட்டுகிறார்கள்?)