இத்தாலியரின் பாஸ்தா

பால் ஒரு பொழுதிற் புளிக்கும். இறைச்சி ஓரிரு நாளில் அழுகும். பிசைந்த மாவும் விரைவிற் கெடும். இம்மூன்றையும் கெடாமற் காத்து, வேண்டும்பொழுது எடுத்து உண்ணும் வழியை இத்தாலிய நாட்டு மக்கள் நன்கு அறிந்திருந்தனர். அவர்கள் காத்து வைத்த மூன்றும் ஒரே கலத்தில் வந்து சேரும் உணவு ஒன்று உண்டு. அதுவே இறைச்சிக் குழலும் பாலாடைக்கட்டியும் சேர்த்துச் சமைக்கும் பாஸ்தா ஆகும்.

கடினக் கோதுமையின் ரவையை நீர் விட்டுப் பிசைந்து, துளையுள்ள அச்சுகளின் வழியே பிழிந்து, குழல், இழை, சங்கு முதலிய வடிவங்களில் உலர்த்தி எடுப்பது பாஸ்தா. நாம் அறிந்த சேமியாவும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. மார்க்கோ போலோ இதனைச் சீனத்திலிருந்து கொண்டு வந்தார் என்று கூறுவாருளர். அவர் வெனிஸ் நகருக்குத் திரும்பியது 1295-ஆம் ஆண்டில். ஆனால், அல்-இத்ரீசி என்னும் அராபிய அறிஞர் 1154-ஆம் ஆண்டில் முடித்த தம் நூலிலேயே, சிசிலித் தீவில் மாவிழைகள் செய்யப்பெற்றுக் கப்பலேறிப் பல நாடுகளுக்குச் சென்றதைக் குறித்துள்ளார். எனவே, அக்கூற்று பொருந்தாது. நெடிய கடற்பயணத்தை அவ்வுணவு தாங்கியது எவ்வாறு? நன்கு உலர்ந்திருந்தமையே காரணம்.

உலர்த்துதல் எளிய செயலன்று. மிக விரைந்து உலர்த்தினால் புறம் இறுகி, அகம் ஈரமாகவே நின்று, பின்னர் வெடிப்பு உண்டாகும். காலந்தாழ்த்தினால் மாவு புளித்துப் பூஞ்சை படரும். நேப்பிள்ஸ் நகரை அடுத்த கிராஞானோ என்னும் ஊரார், கடற்காற்றையும் மலைக்காற்றையும் துணையாகக் கொண்டு, தெருக்களில் நட்ட கழிகளில் பாஸ்தாவைத் தொங்கவிட்டுப் பதமறிந்து உலர்த்தினர். இன்று அப்பணியை இயந்திர அறைகள் செய்கின்றன.

இனி மற்றை இரண்டையும் காண்போம். பன்றியிறைச்சியைக் கொத்தி, உப்பும் மிளகும் பெருஞ்சீரகமும் கலந்து, தூய்மை செய்த குடற்றோலில் அடைப்பது இறைச்சிக் குழல். உப்பு ஈரத்தை ஈர்த்துக் கெடுதலைத் தடுக்கும். உலர்த்தினால் அது பல நாள் நிற்கும். இத்தகைய குழல் செய்வதை உரோமானியப் படைவீரர் லுக்கானியா நாட்டாரிடம் கற்றனர் என்று வர்ரோ என்னும் பழைய அறிஞர் எழுதினார். பாலாடைக்கட்டியோ, பாலைத் திரித்து, நீரை வடித்து, உப்பிட்டு முதிரவிடுவது. பார்மிஜானோ ரெஜானோ என்னும் கட்டி ஒன்றைச் செய்ய ஏறத்தாழ 550 லிட்டர் பால் வேண்டும்; குறைந்தது 12 மாதம் அது முதிர்தல் வேண்டும்.

நால்வருக்குச் சமைக்கும் முறை வருமாறு: 300 கிராம் இறைச்சிக் குழலின் தோலை நீக்கி, உதிர்த்து, மெல்லிய தீயில் அதன் கொழுப்பிலேயே வதக்குக. நறுக்கிய வெங்காயமும் பின்னர்த் தக்காளியும் சேர்த்து அரைமணி நேரம் கொதிக்க விடுக. வேறொரு கலத்தில் 4 லிட்டர் நீரில் 40 கிராம் உப்பிட்டு, நன்கு கொதித்தபின் 400 கிராம் பாஸ்தாவை இடுக. குழைய விடலாகாது; கடித்தால் பல்லுக்குச் சிறிது உறுதி தோன்றும் நிலையிலேயே எடுத்தல் வேண்டும். இப்பதத்தை இத்தாலியர் ‘அல் டென்டே’ என்பர். வடித்த நீர் முழுவதையும் கொட்டிவிடாது, ஒரு கரண்டி எடுத்து வைத்துக் குழம்பில் விடுக. பாஸ்தாவினின்று பிரிந்த மாச்சத்து அந்நீரில் இருப்பதால், குழம்பு பாஸ்தாவோடு ஒட்டிச் சேரும். பாஸ்தாவைக் குழம்பிற் கலந்து, அடுப்பிலிருந்து இறக்கியபின் துருவிய பாலாடைக்கட்டியைத் தூவுக. மிகுந்த சூட்டில் இட்டால் அது திரளாகிவிடும்.

வற்றிய காலத்திற்கென மாவையும் பாலையும் இறைச்சியையும் காத்து வைத்தவர், சமைத்தபொழுது வடித்த நீரையும் பயன்கொண்டனர். சுவையான இவ்வுணவு செல்வத்தின் ஆடம்பரத்தால் பிறந்ததன்று. பொருளை வீணாக்காத கைகளின் பொறுமையால் பிறந்தது. கிடைத்ததைக் காப்பதும் ஓர் அருங்கலை என்பதை இஃது உணர்த்துகின்றது.