கோடை மழையும் கண்மாய் மீனும்

இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரங்களில் பாசனத்திற்கும் மீன் வளர்ப்பிற்கும் கண்மாய்களே ஆதாரம். மேற்குத் தொடர்ச்சி மலையின் கீழ்ச்சரிவில் பெய்யும் மழை அய்யனார் கோவில் ஆறு, செண்பகத்தோப்பு ஓடைகள் முதலியவற்றின் வழியே இறங்கி அவற்றை நிரப்புகின்றது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பெய்யும் வடகிழக்குப் பருவ மழையே இதில் பிரதானமானது. அது குறைந்துவிட்ட வருஷங்களில் மாசி, பங்குனியிலேயே கண்மாய் ஜலம் மடை மட்டத்திற்கு இறங்கிவிடும். அப்பொழுது மீன்பாசிக் குத்தகைதாரர்கள் கோடை மழையை நம்பி மீன்பிடிப்பைத் தள்ளிவைப்பது வழக்கம். இவ்வழக்கம் பல சமயங்களில் பெருநஷ்டத்தையே விளைவிக்கின்றது.

முற்காலத்தில் கெண்டை, விரால், குரவை முதலியன வெள்ளத்தோடு தாமே வந்து சேர்ந்தன. 1957-ம் வருஷத்தில் ஹிராலால் சௌத்ரி என்பவர் ஊசிமருந்தினால் பெருங்கெண்டைகளைச் சினைப்பிக்கும் முறையை நிரூபித்த பின்னர், கட்லா, ரோகு, மிருகால் குஞ்சுகளை விலைக்கு வாங்கி விடுவது பரவிற்று. ஆகவே இப்பொழுது மீன் செத்தால் இட்ட முதலும் போகின்றது.

காத்திருப்பதில் உள்ள அபாயம்

கோடை வெயிலில் ஆவியாவதால் மாத்திரம் மாதத்திற்குச் சுமார் 8 அங்குல ஜலம் குறையும். கசிவும் பாசனமும் இதற்குப் புறம்பு. ஜலம் சூடேறச் சூடேற அதில் கரைந்திருக்கும் பிராணவாயுவும் குறைகின்றது. பாசி பகலில் பிராணவாயுவை வெளிவிட்டாலும், இரவில் அதுவும் மீனோடு சேர்ந்து அதைச் செலவழிக்கின்றது. இதனால் விடியற்காலையே மீனுக்கு மிகவும் இக்கட்டான வேளை.

இந்நிலையில் இடியுடன் ஒரு மழை பெய்தால் மீன் பிழைக்கும் என்பது பொதுவான எண்ணம். ஆனால் நிகழ்வது பெரும்பாலும் வேறு. வறண்ட மண் மழையைக் குடித்துவிடுவதால் கண்மாய்க்கு வரத்து அதிகமிராது. வரும் சிறிது ஜலமும் சருகையும் சாணத்தையும் அடித்து வரும். குளிர்ந்த மழை ஜலம் அடியில் இறங்கி அழுகிய சேற்றைக் கலக்கிவிடும். இவ்வழுகற் பொருள்கள் எஞ்சிய பிராணவாயுவையும் உறிஞ்ச, மறுநாட் காலையில் மீன்கள் செத்து மிதக்கும். எதிர்பார்த்த மழையே மீனுக்கு எமனாகின்றது.

செய்ய வேண்டுவன

1. கண்மாயின் ஆழமான இடத்தில் அடிக்கணக்குக் குறித்த கழியொன்றை நட்டு, வாரந்தோறும் மட்டத்தைக் குறித்து வரவேண்டும். ஆழம் 3 அடிக்குக் குறையுமுன்பே பெரிய மீன்களைப் பிடிக்கத் தொடங்குவது உத்தமம்.

2. ஒரே நாளில் முழுவதையும் பிடித்தால் சந்தையில் விலை விழும். பெரிய கண்ணி வலையால் தவணை தவணையாகப் பிடித்தால் நல்ல விலையும் கிடைக்கும்; எஞ்சிய மீனுக்கு மூச்சுவிட இடமும் உண்டாகும்.

3. விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால், தீனியும் சாணமும் இடுவதை உடனே நிறுத்தவேண்டும். இயந்திரத்தால் ஜலத்தை இறைத்து, அதே கண்மாயிற் சிதறி விழச் செய்தால் காற்றுக் கலந்து தற்காலிகமாக உதவும்.

4. கடைசி ஜலம் பயிருக்கா, மீனுக்கா என்ற வழக்குக் கோடையில் எழுவது சகஜம். ஆயக்கட்டுதாரரும் குத்தகைதாரரும் தை மாதத்திலேயே கலந்து பேசி, எந்த மட்டத்தோடு இறைப்பை நிறுத்துவதென்று முடிவு செய்துகொள்ளுதல் நலம்.

5. விராலும் குரவையும் வெளிக்காற்றைச் சுவாசிக்க வல்லவை. கடைசிப் பள்ளத்தை வற்ற இறைக்காமலும், விஷச்செடி கலக்காமலும் விட்டால், அவற்றிற் சில தப்பி அடுத்த பருவத்திற்கு விதையாகும்.

மீன் பிடித்தான பின் கண்மாய் முழுவதும் வற்றிவிட்டாலும் அது முற்றிலும் நஷ்டமன்று. படுகையில் படிந்த வண்டலை, அதற்குரிய அனுமதி பெற்று வெட்டி வயலுக்கு அடித்தால் நிலம் வளம் பெறும். கண்மாயும் ஆழப்பட்டு, அடுத்த ஐப்பசியில் கூடுதல் ஜலம் தாங்கும். கோடை மழை வந்தால் அது லாபமே. அதை நம்பி, கைக்கு வந்த மீனைக் கண்மாயில் விட்டுவைப்பது விவேகமன்று.