பச்சை குத்தலாமா?

சென்ற ஆண்டு என் அண்ணன் மறைந்தபின், அவர் பெயரைத் தோளில் பச்சை குத்திக்கொள்ளும் எண்ணம் எனக்கு எழுந்தது. வயது 19. இது புதுமையன்று, பெருங்குடியில் எங்கள் தெருப் பாட்டிமார் சிலரின் கைகளில் குறத்தியர் குத்திய கோலங்கள் இன்றும் அழியாதிருக்கின்றன. கரிய மை தோலுக்கடியில் நீலப்பச்சையாகத் தெரிவதால்தான் பச்சை என்றனர் போலும்!

அது ஏன் அழிவதில்லை? ஊசி, மையைத் தோலின் இரண்டாம் அடுக்கில் இறக்குகிறது. உடலைக் காக்கும் அணுக்கள் அதை விழுங்குகின்றன. செரிக்க இயலாமல் அப்படியே தாங்கி நிற்கின்றன. ஓர் அணு மடிந்தால், அது விட்ட மையை அடுத்த அணு ஏற்றுக்கொள்கிறது. எலிகளிடம் இதனைப் பிரெஞ்சு விஞ்ஞானிகள் கண்டு 2018-இல் வெளியிட்டனர். இதைப் படித்ததும் ஆசை இரட்டித்தது.

ஆயினும் நான் தேசிய மாணவர் படையில் உள்ளேன். இராணுவத்தில் சேர விருப்பம். அங்கே பழங்குடியினர் நீங்கலாகப் பிறருக்கு முன்கையின் உட்புறத்திலும் புறங்கையிலும் மட்டுமே பச்சைக்கு அனுமதி. தோள் கூடாது. லேசர் கொண்டு அழிக்கப் பலமுறை அமர வேண்டும்; தடயமும் எஞ்சலாம். குத்தியபின் 12 மாதங்கள் குருதிக்கொடையும் இயலாது.

முன்கை என்றால் பேருந்தில் அருகிருப்பவரெல்லாம் "யாருப்பா இது?" என்பர். ஒவ்வொருவருக்கும் விடை சொல்ல எனக்கு மனமில்லை.

அம்மாவைக் கேட்டேன். "உனக்குச் சோறு போடும்போதெல்லாம் அந்தப் பேரை நான் பார்க்கணுமாடா?" என்றார். பட்டம் பெறும்வரை தள்ளி வைத்திருக்கிறேன்.